அங்கியைக் கழற்றாத அதிபர்: காங்கோவின் யூலு பற்றி

கேள்வி (பிப்ரவரி 3)

பிரசாவில் நகரைத் தலைநகராகக் கொண்ட காங்கோவின் முதல் அதிபர் ஒரு கத்தோலிக்கச் சாமியார் என்று எங்கோ படித்தேன். பூசை வைக்கக் கூடாது, அங்கி போடக் கூடாது என்று திருச்சபையே தடை போட்ட பிறகும் அங்கியோடுதான் ஆட்சி நடத்தினாராம். அவ்வளவு கத்தோலிக்கர்கள் இருக்கிற ஊரில் ஜனங்கள் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? ஆயர் பேச்சைவிட இவர் பேச்சு எடுபட்டது எப்படி?

பிப்ரவரி 3, இரவு

ஆயர் தடை போட்டதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பிரசாரம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆளின் பெயர் ஃபுல்பேர் யூலு. 1917-ல் பிரசாவில் பக்கத்தில் மதிபு என்ற ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஞானஸ்நானம், அப்புறம் சிறு குருமடம், மேலே படிக்கக் கமரூனில் யாவுந்தே. 1946-ல் குருப்பட்டம். பிரசாவில் புனித பிரான்சிஸ் பங்கில் உதவிப் பங்குச் சாமியாராகப் போட்டார்கள். இளைஞர் குழு, விளையாட்டுக் கழகம், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை என்று எல்லாம் அவர் பொறுப்பில். ஓர் அரசியல்வாதிக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எவன் உள்ளே போனான், எவன் வெளியே வந்தான், எல்லாம் விரல் நுனியில்.

1947-லேயே ஒரு தேர்தலில் நின்று தோற்றார். பிறகு மேலிடத்தோடு உரசல் முற்றி, 1953-ல் மிந்துலி என்ற தூரத்து மிஷனுக்கு மாற்றல். நம்மூர் வழக்கில் சொன்னால் தண்ணியில்லாக் காடு. 1955-ன் கடைசியில், பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கிறேன் என்று கிளம்பினார். ஆயர் கூடாது என்றார். இவர் கேட்கவில்லை. பணிநிறுத்தம் வந்தது.

பூசையை விட்டார். அங்கியை விடவில்லை.

ஆயர் வெள்ளைக்காரர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம்ம சாமியை வெள்ளைக்காரச் சாமி தண்டிக்கிறார் என்றால் கூட்டம் எந்தப் பக்கம் போகும்?

பிப்ரவரி 4, காலை

கீழே ஒரு தம்பி "இவர்தானே லுமும்பாவைக் கொன்றது" என்று கேட்டிருக்கிறார். லுமும்பா ஆற்றின் அந்தக் கரையில் இருக்கிற இன்னொரு காங்கோவின் முதல் பிரதமர், தம்பி. காங்கோ ஆற்றுக்கு வடகரையில் பிரசாவில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டது. நேர் எதிரே தென்கரையில் லியோபோல்ட்வில், பெல்ஜியக்காரர்கள் ஆண்டது, இன்றைக்குக் கின்ஷாசா. ஒரு தலைநகரில் நின்றால் இன்னொரு தலைநகரின் கட்டடங்கள் தெரியும்.

யூலுவுக்கு அந்தக் கொலையில் கை இல்லை. ஆனால் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் கரையில் லுமும்பாவோடு மோதிய அதிபர் கசவுபுவுக்கு இவர் பிரசாவில் வானொலியைத் திறந்துவிட்டார். இருவரும் கொங்கோ இனக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். கசவுபுவும் குருமடத்தில் படித்துப் பாதியில் வெளியே வந்தவர்தான். பின்னால் கட்டாங்கா மாகாணத்தைப் பிரித்துக்கொண்டு போன சோம்பேக்கும் யூலு தோழர். இது கடைசியில் அவருக்கே உதவியது, பிறகு வருகிறேன்.

பிப்ரவரி 4, இரவு

நேற்று ஆயர் தடையைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. தடை ஒரு பாதிதான். மறுபாதி ஒரு செத்தவர். அவரைச் சொல்லாமல் யூலுவைச் சொல்லவே முடியாது.

அந்தச் செத்தவர் ஆந்த்ரே மட்சுவா. 1899-ல் பிறந்தவர், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். 1926-ல் பாரிஸில் ஒரு சங்கம் தொடங்கினார். ஊரை விட்டு வந்த ஆப்பிரிக்கர்களுக்கு உதவுவது, அப்படியே குடியுரிமை கேட்பது. ஊரில் லாரி மக்கள் (வண்டி இல்லை ஐயா, பிரசாவிலைச் சுற்றியிருக்கும் கொங்கோ இனப் பிரிவு ஒன்றின் பெயர்) காசு திரட்டி அனுப்பினார்கள். அரசாங்கம் பயந்துபோய் 1929-ல் பிடித்து, 1930-ல் பிரசாவிலில் வழக்கு நடத்தித் தண்டித்தது. 1942 ஜனவரியில் மயாமா சிறையில் இறந்துபோனார்.

அரசாங்கம் சத்தமில்லாமல் புதைத்தது. பிணத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்காத சாவை யார் நம்புவார்? மட்சுவா சாகவில்லை, பாரிஸில் இருக்கிறார், திரும்பி வருவார் என்று பேச்சு பரவி, பேச்சு பக்தியாகி, பக்தி கிட்டத்தட்ட ஒரு சபையாகவே ஆகிவிட்டது. வரி கட்ட மாட்டோம், தலைக்கணக்கெடுப்புக்கு வர மாட்டோம் என்றார்கள். யுத்தம் முடிந்து தேர்தல்கள் வந்தபோது லாரி மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய் மட்சுவாவுக்கே வாக்களித்தார்கள். வேட்பாளர் பட்டியலில் இல்லாத, இறந்து மண்ணுக்குள் கிடக்கிற மனிதருக்கு! பத்து வருஷத்துக்குமேல் ஒரு சமூகத்தின் ஓட்டு முழுக்க எலும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே நாடாளுமன்ற இடம் கடற்கரைப் பக்கத்து சிக்காயாவுக்குத்தான் போனது. அவர் லாரி இல்லை. போட்டியில் இருந்த இன்னொரு பெரியவர் ஒபாங்கோ வடக்கே ம்போஷி இனத்தவர்.

ஆக, அங்கே ஒரு காலி நாற்காலி இருந்தது. யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. சாதாரணக் கட்சித் தலைவர் வந்து "மட்சுவாவுக்குப் பதில் நான்" என்றால் அடித்துத் துரத்துவார்கள். புனிதத்தின் வாடை அடிக்கிற ஒருவர் வேண்டும், அதே சமயம் வெள்ளைக்காரனால் தண்டிக்கப்பட்டவராகவும் இருக்க வேண்டும். 1955-ல் லாரி பெரியவர்கள் யூலுவைத் தங்கள் ஆளாக முன்னிறுத்தினார்கள். சில வாரங்களில் ஆயரின் தண்டனை வந்து சேர்ந்தது. இனி என்ன குறை?

இந்தக் கட்டத்தில் ஒரு கதை. லுஃபுலகாரி என்று ஓர் அருவி இருக்கிறது. வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற புவெட்டா ம்போங்கோ என்ற தலைவனைக் கொன்ற இடம் என்பார்கள். யூலு அங்கே போய் முன்னோரை வேண்டிக்கொண்டு அங்கியோடு தண்ணீரில் இறங்கினார், ஏறி வந்தபோது அங்கி நனையவே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் கதை எதைக் காப்பாற்றுகிறது என்று கவனியுங்கள். ஆளைக் கூட இல்லை, அங்கியை.

பிப்ரவரி 5

1956 ஜனவரித் தேர்தலில் யூலு மூன்றாம் இடம். சிக்காயாதான் ஜெயித்தார், ஒபாங்கோ இரண்டாவது. ஆனால் மூவருக்கும் பெரிய இடைவெளி இல்லை. மட்சுவாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஓட்டு உயிரோடு இருக்கிற ஒருவருக்கு வந்துவிட்டது என்பதுதான் சேதி. மே மாதம் சொந்தக் கட்சி, சின்னம் முதலை. நவம்பரில் பிரசாவில் மேயர். பிரெஞ்சு மத்திய ஆப்பிரிக்கா முழுவதிலும் முதல் கறுப்பின மேயர். பணிநிறுத்தம் ஆகி ஒரு வருஷம்கூட முடியவில்லை.

பிப்ரவரி 6, இரவு

டியோர் அங்கி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், பாரிஸில் டியோர் கடையில் தைத்த அங்கிகளைப் போட்டார் என்று பரவலாக எழுதியிருக்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று நிறத்துக்கு ஒன்று.

இதைச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கி தைக்கிறதைப் பார்த்ததில்லை. என் சித்தப்பா பாளையங்கோட்டையில் தையற்கடை வைத்திருந்தார், குருமடத்துப் பையன்களுக்கு அங்கி தைத்துக் கொடுப்பார். பள்ளி விடுமுறையில் காஜா எடுக்கிற வேலை என் தலையில். முறையான அங்கிக்குக் கழுத்திலிருந்து பாதம்வரை முப்பத்துமூன்று பொத்தான், இயேசு வாழ்ந்த வருஷக் கணக்கு. நடுவில் ஒரு காஜா கோணிப்போனால் அதிலிருந்து கீழே அத்தனையும் கோணும், பிரித்துத் திரும்பப் போட வேண்டும். நீள அளவு எடுக்கும்போது பையனை முக்காலிமேல் ஏற்றி, செருப்போடு நிறுத்தித்தான் எடுப்பார். அளவு கொடுக்க வரும்போது "டேய்" என்று கூப்பிட்ட அதே பையன், பட்டம் வாங்கி அங்கியோடு கடைக்குள் வந்தபோது சித்தப்பா எழுந்து நின்றார். தான் தைத்த துணிக்குத் தானே எழுந்து நிற்கிறோம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் உட்காரவில்லை.

சித்தப்பா அன்றைக்கு எழுந்து நின்ற அந்த மரியாதையைத்தான் யூலு ஓட்டாக மாற்றினார். துணி நல்ல துணியாக இருந்தால் மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும் என்று கணக்குப் போட்டிருப்பார். வறுமையில் இருக்கிற ஜனம் பளபளப்பைப் பார்த்து எரிச்சல்படும் என்பது நாம் நினைப்பது. எப்போதும் அப்படி நடப்பதில்லை, குறைந்தபட்சம் முதல் சில வருஷம்.

பிப்ரவரி 7

"சாமியார் அரசியலுக்கு வரலாமா, சட்டம் என்ன சொல்கிறது?" நல்ல கேள்வி.

இன்றைய திருச்சபைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. 1983-ல் வந்த தொகுப்பு, 285-ஆம் விதி, ஆட்சி அதிகாரம் உள்ள அரசுப் பதவியைக் குருக்கள் ஏற்கக் கூடாது. யூலு காலத்தில் இவ்வளவு கறார் இல்லை, ஆயர் அனுமதி தந்தால் போதும். பிரான்ஸிலேயே அபே பியேர் என்ற சாமியார் 1951 வரை நாடாளுமன்ற உறுப்பினர். ஃபெலிக்ஸ் கிர் என்ற சாமியார் டிஜோன் நகர மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பல வருஷம் இருந்தார், நாடாளுமன்றத்துக்கே அங்கியில்தான் போவார். வெள்ளை ஒயினில் கருந்திராட்சை மாதிரி ஒரு பழத்தின் மதுவைக் கலந்து குடிக்கிற பானத்துக்கு அவர் பெயர்தான். சாமியார் பெயரில் சரக்கு!

அதனால் யூலு கட்சிக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. டிஜோனில் அங்கி போட்டவர் உறுப்பினர் ஆகலாம், பிரசாவிலில் ஆகக் கூடாதா? ஆயர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. யூலுவின் பெண் தொடர்புகள் ஊரறிந்தவை, அதிபரான பின் மனைவிகள் ஒன்றுக்குமேல். கிர்மேல் அந்தப் பேச்சு இல்லை. ஆனால் கூட்டத்தின் காதில் முதல் கேள்விதான் விழுந்தது.

பிப்ரவரி 9

பக்தியை மட்டும் சொன்னால் ஆள் தப்பித்துவிடுவார். 1958 நவம்பர் 28-ஐச் சொல்கிறேன்.

அன்றைக்குத் தலைநகரம் கடற்கரையில் இருக்கிற புவான்ட்-நுவார். சபையில் ஒபாங்கோ பக்கம் 23, யூலு பக்கம் 22. யம்போ என்ற ஓர் உறுப்பினர் தாவினார். கணக்கு தலைகீழ், 23 யூலுவுக்கு. எதிர்த்தரப்பு ஆத்திரத்தில் வெளியே போக, இருந்தவர்கள் யூலுவை அரசாங்கத் தலைவராக்கி, தலைநகரைப் பிரசாவிலுக்கு மாற்றுகிறோம் என்றும் அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். புவான்ட்-நுவாரில் கலவரம்.

ஓர் ஆள் தாவியதில் ஆட்சி மாறியது மட்டுமா, தலைநகரமே மாறிவிட்டது. நம்மூர் ரிசார்ட் அரசியல் இதற்குப் பக்கத்தில் வராது.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

மேலே ரிசார்ட் என்று எழுதியதற்கு இருவர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கட்சிகளைப் பற்றி வேறு இழையில் பேசுங்கள், இங்கே வேண்டாம். காங்கோவுக்கு வருவோம்.

1959 பிப்ரவரியில் பிரசாவிலில் லாரிகளுக்கும் ம்போஷிகளுக்கும் இடையே பெரிய கலவரம். பக்கோங்கோ பேட்டை லாரி, போட்டோ-போட்டோ பேட்டை வடக்கத்தியார். இறந்தவர்கள் நூறு பேர் அளவில். ஒபாங்கோ கைதானார். பிறகு யூலு அவரையே வெளியே விட்டு மந்திரியும் ஆக்கினார், அதில் ஆள் கெட்டிக்காரர். எதிரியை ஒழிப்பதைவிட வீட்டுக்குள் உட்காரவைப்பது அவருக்குப் பிடித்த வழி.

அதே 1959-ல் நடந்த இன்னொன்று அதைவிட உறுத்துகிறது. மட்சுவா பக்தர்கள் எல்லோரும் யூலுவிடம் வந்துவிடவில்லை. ஒரு பகுதி கடைசிவரை மசியவில்லை. மட்சுவாதான் தலைவர், அவர் வரட்டும், அதுவரை வரி கிடையாது, அடையாள அட்டை கிடையாது. வெள்ளைக்கார ஆட்சியிடம் சொன்னதையே கறுப்பு ஆட்சியிடமும் சொன்னார்கள். யூலு அரசாங்கம் அவர்களைப் பிடித்து அடைத்தது, ஊரைவிட்டுக் கிளப்பித் தூரத்துக்கு அனுப்பியது. அதில் பல பேர் செத்தார்கள். மட்சுவாவின் வாரிசு என்று சொல்லி மேலே வந்தவர் மட்சுவாவின் ஆட்களையே அடித்தார்.

அங்கியைப் பற்றி நான் சிலாகித்து எழுதுவதாக ஒருவர் குறைப்பட்டார். இந்தப் பத்தியை அவர் படிக்கட்டும்.

பிப்ரவரி 11

1959 நவம்பரில் அதிபர். 1960 ஆகஸ்ட் 15 சுதந்திரம், பிரான்ஸ் சார்பில் மந்திரி மால்ரோ வந்திருந்தார். குய்லு ஆற்றில் பிரமாண்ட அணை கட்டி நாட்டைத் தொழில்மயமாக்குவது யூலுவின் பெரிய கனவு. அணை வரவில்லை. வெளியுறவில் முழுக்க முழுக்கப் பிரான்ஸ் பக்கம், கம்யூனிஸ்ட் எதிர்ப்பு. இந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சுவாரசியமாகச் சொல்ல அதிகமில்லை, தலைநகரில் வேலையில்லாத இளைஞர்கள் பெருகிக்கொண்டே போனதைத் தவிர.

பிப்ரவரி 12, இரவு

விழுந்த கதை. மூன்றே நாள். காங்கோவில் "மூன்று மகிமை நாட்கள்" என்பார்கள்.

1963 ஜூனில் கினி நாட்டு அதிபர் செக்கு தூரே பிரசாவிலுக்கு வந்தார். பிரான்ஸின் தலைவர் டி கோலுக்கு "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆள். தெருவெல்லாம் கூட்டம் அவருக்குக் கைதட்டியது. விருந்தினருக்கு விழுந்த கைதட்டல் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி. யூலு அதைக் காதில் வாங்கவில்லை. ஆகஸ்டில் ஒரே கட்சி ஆட்சி கொண்டுவரப்போகிறோம் என்று அறிவித்தார். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் என்றன. சங்கத் தலைவர்களை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்தார்கள்.

ஆகஸ்ட் 13. கூட்டம் நேரே சிறைச்சாலைக்குப் போனது, தலைவர்களை விடுவிக்க. துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். மூன்று தியாகிகள் என்று இன்றைக்கும் பிரசாவிலில் சாலைப் பெயர் இருக்கிறது. அது ஒருகாலத்தில் யூலு சாமியாராகப் போய்வந்த சிறை உலகம் என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

14-ஆம் தேதி மந்திரிசபையைக் கலைத்துச் சமாளிக்கப் பார்த்தார். காலம் கடந்துவிட்டது.

15-ஆம் தேதி. சுதந்திரத்தின் மூன்றாம் ஆண்டு நாள். கொடியும் பந்தலும் இருக்க வேண்டிய நேரத்தில் அரண்மனையைச் சுற்றி "யூலு, பதவி விலகு" என்று கூட்டம். உள்ளூர்ப் படையின் அதிகாரிகள் உள்ளே வந்து விலகச் சொல்கிறார்கள். ஊரில் பிரெஞ்சுப் படை இருக்கிறது, முந்தைய நாள்வரை அரண்மனையைக் காத்தது. யூலு பிரான்ஸுக்குத் தொலைபேசியில் டி கோலைப் பிடித்தார். ஆனால் கூட்டத்தின்மேல் சுட உத்தரவு வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளும் அதே ஆகஸ்ட் 15. பூசை வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இவரும் அன்றைக்குப் பெரிய பூசை வைத்திருப்பார்.

பிறகு அவரைக் கொண்டுபோய் அடைத்தார்கள் ஓர் இராணுவ முகாமில். முகாமின் பெயர் ஃபுல்பேர் யூலு முகாம். பதவியில் இருக்கும்போது தன் பெயரை வைக்கிறவர்கள் கவனிக்க.

பிப்ரவரி 13

"அப்படியானால் அங்கி ஏன் அவரைக் காப்பாற்றவில்லை?" இதைத்தான் நானும் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் தோன்றுவது இது. 1956-ல் அவருக்கு ஓட்டுப் போட்ட ஜனமும் 1963-ல் தெருவுக்கு வந்த ஜனமும் வேறு வேறு. முதல் கூட்டம் கிராமத்திலிருந்து வந்து பக்கோங்கோவில் குடியேறிய லாரி குடும்பங்கள், மட்சுவாவுக்குக் காத்திருந்தவர்கள். இரண்டாவது கூட்டத்தை நடத்தியது தொழிற்சங்கம். அதில் கத்தோலிக்கச் சங்கமும் இருந்தது என்பது கவனிக்க வேண்டியது. சம்பளம், வேலை, மந்திரிகளின் ஊதாரித்தனம், ஒரே கட்சி, இவைதான் அவர்கள் பேச்சு. அருவியில் நனையாத அங்கியைக் காட்டி அரிசி விலை கேட்பவரைச் சமாதானப்படுத்த முடியாது. இன்னொன்றும் உண்டு. தண்டிக்கப்பட்ட சாமியார் என்கிற அடையாளம் எதிர்க்கட்சியில் இருக்கும்வரைதான் செல்லும். சிறைக்கு ஆள் அனுப்புகிறவராக ஆனபின் யார் தண்டிக்கப்பட்டவர்?

ஒரு நண்பர் இதெல்லாம் வெறும் இன அரசியல், அங்கியை இழுக்காதீர்கள் என்கிறார். இனம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் லாரிகளில் படித்தவர்கள், வசதியானவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் யாரும் மட்சுவாவின் இடத்துக்கு வர முடியவில்லையே. பதவியிறக்கிய பிறகு வந்தவர் மசாம்பா-தெபா, அவரும் கொங்கோக்காரர்தான், பள்ளி ஆசிரியர், புராட்டஸ்டன்ட். அவருக்கு அருவிக்கதை எதுவும் கிடையாது.

பிப்ரவரி 14

கடைசிக் காலம். 1965 மார்ச்சில் தப்பித்து ஆற்றைத் தாண்டினார். அந்தக் கரையில் அப்போது பிரதமர் யார்? சோம்பே. பழைய சிநேகம் கைகொடுத்தது. பிரசாவிலில் மக்கள் தீர்ப்பாயம், ஆள் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தது.

பிரான்ஸுக்குப் போய்விடலாம் என்று பார்த்தார், டி கோல் இடம் கொடுக்கவில்லை. டி கோலின் மனைவி இவோன் கண்டிப்பான கத்தோலிக்கர், பல மனைவி வைத்த சாமியாரை அவருக்குப் பிடிக்கவே இல்லை என்று பிரெஞ்சு எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடைசியில் ஃபிராங்கோவின் ஸ்பெயின்தான் ஏற்றுக்கொண்டது. 1972 மே மாதம் மத்ரீதில் மஞ்சள்காமாலை நோயில் இறந்தார். 54 வயது.

இப்போது கேளுங்கள். அப்போது பிரசாவிலில் ஆட்சி மரியன் ங்குவாபி, மார்க்சிய இராணுவக்காரர், செங்கொடி நாடு. யூலுவின் உடலைக் கொண்டுவர வேண்டும் என்று லாரி பெரியவர்கள் கேட்டார்கள். ங்குவாபி சம்மதித்தார். கருணை என்று நினைக்காதீர்கள். உடலைக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று மட்சுவா விஷயத்தில் அந்த நாடு முப்பது வருஷம் பார்த்துவிட்டது. 1972 டிசம்பரில் உடல் வந்தது, பேராலயத்தில் வைத்தார்கள், ஜனம் வரிசையில் நின்று பார்த்தது, மதிபுவில் புதைத்தார்கள். இந்தத் தடவை யாரும் எலும்புக்கு ஓட்டுப் போடவில்லை.

பிப்ரவரி 16

ஆப்பிரிக்காவின் மற்ற சாமியார்–அதிபர்களையும் எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை ஒன்றிரண்டு வரி.

பொகாண்டா, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. யூலுவுக்கு யாவுந்தே குருமடத்துப் பழக்கம். 1938-ல் பட்டம், அந்த நாட்டின் முதல் உள்ளூர்ச் சாமியார். 1946-ல் பாரிஸ் நாடாளுமன்றம் போனார். அங்கே மிஷேல் ஜூர்தேன் என்ற பெண்ணோடு காதல், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு 1950-ல் கல்யாணம். யூலு செய்யாததைச் செய்தவர். ஓட்டு ஒன்றும் குறையவில்லை. சொல்லப்போனால் இவரைப் பற்றியும் தண்ணீர்க்கதை உண்டு, உபாங்கி ஆற்றை நடந்தே கடப்பார் என்று. 1959 மார்ச் 29-ல் விமான விபத்தில் இறந்தார், சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. ஆகவே கறாராகப் பார்த்தால் அதிபர் பட்டியலில் சேராது. ஆனால் அங்கி இல்லாமலும் புனிதர் ஆகலாம் என்பதற்கு இவரே சாட்சி, என் வாதத்தில் ஓர் ஓட்டை. இருக்கட்டும்.

டோல்பர்ட், லைபீரியா. பாப்டிஸ்ட் போதகர், உலக பாப்டிஸ்ட் கூட்டமைப்பின் தலைவராக வந்த முதல் ஆப்பிரிக்கர். 1971-ல் அதிபர். முன்னவர்கள் கோட்டும் தொப்பியுமாகப் பதவியேற்ற நாட்டில் இவர் சஃபாரி சூட் போட்டுப் பதவியேற்றார். அன்றிலிருந்து அங்கே சஃபாரி சூட்டுக்குப் "பதவியேற்பு சூட்" என்றே பெயர். நம்மூரில் தாசில்தார்கள் போட்டுக்கொண்டிருந்த அதே சூட். 1979-ல் அரிசி விலையை ஏற்றப்போய்க் கலவரம், 1980 ஏப்ரலில் சிப்பாய்கள் அரண்மனைக்குள் புகுந்து கொன்றுவிட்டார்கள்.

கெனான் பனானா, ஜிம்பாப்வே. மெதடிஸ்ட் போதகர். 1980 முதல் 1987 வரை அதிபர், ஆனால் அதிகாரம் முழுக்கப் பிரதமர் முகாபேயிடம். பெயரை வைத்து ஏற்கனவே கீழே நான்கு பேர் ஜோக் அடித்தாயிற்று, போதும். பிற்காலத்தில் பதவியைப் பயன்படுத்தித் தன்கீழ் வேலை செய்த ஆண்களை வற்புறுத்தினார் என்று வழக்கு, 1998-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. அதைக் கேலியாக எழுத மனம் வரவில்லை, பாதிக்கப்பட்ட ஒரு காவலரின் வாழ்க்கையே பாழாய்ப் போயிருக்கிறது.

சக்வேரா, மலாவி. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையின் தலைவராக இருபது வருஷத்துக்குமேல் இருந்துவிட்டு 2013-ல் அரசியலுக்கு வந்தார். 2019 தேர்தலில் தோற்றதாக அறிவித்தார்கள். முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியிருந்தது வெளியே வர, 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. தீர்ப்புச் சொல்ல வந்த நீதிபதிகள் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜூனில் மறுதேர்தல், 58 சதவீதத்துக்குமேல் வாங்கி ஜெயித்தார். நல்ல கதை என்று நாம் கைதட்டியபின், விலைவாசி, நாணய மதிப்புக் குறைப்பு, எரிபொருள் தட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக வந்தது. 2025 செப்டம்பரில் பழைய அதிபர் முத்தாரிகாவிடம் தோற்றார். 2019 தேர்தலை நடத்திப் பெயர் கெட்டு விலகிய ஆணையத் தலைவி ஜேன் ஆன்சாதான் இப்போது முத்தாரிகாவின் துணை அதிபர்!

பிப்ரவரி 17

மக்காரியோஸைச் சேர்க்கவில்லையே என்று மூன்று பேர். அவர் சைப்ரஸ், ஐயா. ஆப்பிரிக்கா இல்லை. அதிபராக இருந்துகொண்டே பேராயராகவும் இருந்தவர், அவருக்கு மேலே தடை போட ஆயர் யாரும் இல்லை. யூலு கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

மெதடிஸ்ட் ஆயர் முசோரேவா ரொடீசியாவில் பிரதமர்தான், நாட்டுத் தலைவர் இல்லை. அவரையும் எழுதச் சொல்கிறவர்கள் தனி இழை தொடங்கினால் வருகிறேன், இது ஏற்கனவே நீளமாகிவிட்டது.